இட்லித் தட்டில் வார்த்த மெழுகு

மே மாதத்தில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நான் திருப்பதியில் ஏசி ரிப்பேர் செய்கிறவன். வெயில் ஏற ஏற எனக்கு வேலையும் ஏறும், கோபமும் ஏறும். லாட்ஜ்காரர்கள் தெலுங்கில் திட்ட, நான் தமிழில் முனகிக்கொண்டே மொட்டை மாடியில் உட்கார்ந்து மெஷினைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட ஒரு மே மாதத்தில்தான், கடலில் அலையேறும் பலகைக்குத் தடவ வீட்டிலேயே மெழுகு காய்ச்சித் தரச் சொல்லி என் மனைவி என்னிடம் கேட்டாள்.

நாங்கள் நாகலாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, மிஞ்சிப்போனால் ஏரி. எனக்கு நீச்சல் தெரியாது. அவள் பழவேற்காட்டில் பிறந்தவள். சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அவளுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு அங்கே போய் இருந்த நாட்களில், கரையில் இருந்த சர்ஃபிங் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சும்மா கிடந்த பலகையில் ஏறிப் பழகியிருக்கிறாள். பிறகு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தாள். அங்கே ஏசியைச் சரி செய்யப் போன நான் அவளைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இரண்டு வீட்டிலும் போட்ட சண்டை, அதைச் சொல்லி முடியாது.

கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையாக அவள் கொண்டுவந்தவற்றில் அந்தப் பலகையும் ஒன்று. அலிபிரி போகிற ரோட்டில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், பீரோவுக்குப் பக்கத்தில் அது சுவரில் சாய்ந்து நிற்கும். வருகிறவர்கள் இஸ்திரிப் பலகை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களோடு இருக்கிற என் அம்மாவும் அவர்களைத் திருத்துவதில்லை. மருமகள் கடலில் பலகைமேல் ஏறி நிற்கிறாள் என்று சொல்வதைவிட இது கௌரவம் என்று நினைத்தாள் போல.

வழவழப்பான அந்தப் பலகைமேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. மெழுகை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பருக்கள் மாதிரி எழும்பும். அதுதான் காலுக்குப் பிடிப்பு. அதில் பிசகினால் ஆள் கீழே, பலகை மேலே. கடையில் விற்கிற மெழுகு பெட்ரோலியக் கழிவிலிருந்து எடுக்கிறது, அதில் வாசனைக்கு வேறு என்னென்னவோ போடுகிறார்கள். குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் துழாவித்தான் அலைக்குப் போக வேண்டும் என்பதால், அந்த மெழுகு பட்டுப்பட்டு அவளுக்கு விலாவிலிருந்து வயிறுவரை தடித்துச் சிவந்து, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் மெழுகை நிறுத்து என்றார். அவள் எதையும் நிறுத்துகிறவள் இல்லை.

"என் ஒடம்புக்கே இப்டின்னா, அது கரைஞ்சி கடல்ல போவுதே, மீனு இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றாள். "தேன்மெழுகு, தேங்கெண்ணெ, குங்கிலியம். அவ்ளோதான். அக்கா ஊருக்கு வர வெள்ளைக்காரன் ஒருத்தன் அப்டித்தான் காய்ச்சிக்கினு இருந்தான். நீ கையால எதையும் செய்யறவன். எனக்கு இத செஞ்சி குடு."

இப்படிக் கேட்டால் நான் எந்த மே மாதத்திலும் உருகிவிடுவேன், அது அவளுக்குத் தெரியும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். போன தடவை அவள் அதில் தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் பலகையை விற்றுவிட்டு ஸ்ரீசிட்டியிலேயே ஓய்வு பெறும்வரை உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். யாரும் அவளைச் சொல்ல வைக்கவில்லை, அவளே சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள். தேறினால் வாரத்தில் பாதி நாள் அக்கா வீட்டில், பாதி நாள் எங்களோடு. எனக்கு அது ஒன்றும் சந்தோஷமில்லை. ஆனால் போன தடவை தோற்று வந்தபிறகு அவள் கூடத்தில் பலகைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்ட நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு இது எவ்வளவோ மேல்.

பழகிக்கொள்வதற்காக அவள் லீவு போட்டு, பலகையோடு முன்னாடியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மெழுகைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பரீட்சை அன்றைக்குக் காலையில் நான் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

தேன்மெழுகு புத்தூர் ரோட்டில் தேன் விற்கிறவர்களிடம் கிடைத்தது. குங்கிலியத்துக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "குக்கிலமா? பூஜகா?" என்று கேட்டார். பூஜைக்கா என்று கேட்கிறார். கடலுக்கு என்று சொன்னால் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாரே என்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

காய்ச்சுவது அத்தனை சுலபமில்லை. மெழுகும் எண்ணெயும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்திலேயே உருகிவிட்டன. குங்கிலியம் மட்டும் மசியவே இல்லை, அடியில் கல் மாதிரி கிடந்தது. பொறுமை இருந்திருந்தால் காத்திருக்கலாம். எனக்கு அது எப்போது இருந்தது? குங்கிலியத்தை எண்ணெயோடு ஒரு வாணலியில் போட்டு நேராக அடுப்பில் வைத்துவிட்டேன். முதலில் கோயில் வாசனை வந்தது. அடுத்து கண் எரிகிற புகை. அதற்கடுத்து வாணலி குப்பென்று பற்றிக்கொண்டது. தீ சிம்னி தகரத்தைத் தொட்டது.

அம்மா சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் வீடே போய்விடும்.

"ஊத்தாதம்மா! ஊத்தாத!" என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டேன். சொம்பு பறந்துபோய் விழுந்தது. கைக்குக் கிடைத்த தோசைக்கல்லை எடுத்து வாணலிமேல் கவிழ்த்து, காஸை மூடினேன். தீ அடங்கியது. அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு ஊதவே தெரியாது, இவன் மெழுகு காய்ச்சறானாம்," என்றாள். "வெல்டிங் கட வெச்சிருந்தா கூட ஊடு இப்டி எரியாது நைனா." எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் பாசமாக நைனா என்று கூப்பிடுவார்கள். கோபத்திலும் கூப்பிடுவார்கள்.

மறுநாள் தீயைச் சின்னதாக வைத்து, பக்கத்திலேயே நின்று கிளறிக் கரைத்தேன். உருகியதை ஊற்ற அச்சு வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, தேய்க்கத் தோதாக உருண்டையான அடி. யோசித்துப் பார்த்தால் அது இட்லிதான். அம்மா மத்தியானம் தூங்கும்போது இட்லித் தட்டில் ஊற்றி ஆற வைத்தேன். எழுந்து வந்தவள் தட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"நாளைக்கு நான் இன்னாத்துல இட்லி ஊத்தறது? நீயும் ஒன் பொண்டாட்டியும் இத்தயே துன்னுங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி போனில் கறாராகச் சொன்னாள். "நீ பாட்டுக்குக் கையில தொட்டுப் பாத்துட்டு எட்த்துக்கினு வராத. தண்ணில ஊற வெச்சி, மேல ஏறி நின்னு பாரு."

"எந்தத் தண்ணில?"

"ஊட்டுல தொட்டி இல்ல? அதுலதான்."

அவளுடைய பழைய பலகை ஒன்று உடைந்து, அதன் முனைத் துண்டு எங்கள் பரண்மேல் கிடந்தது. அதில் மெழுகைத் தேய்த்தேன். வேலைக்கு நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தொட்டிக்குள் அதை ஊறப்போட்டு, வெளியே எடுத்து, தரையில் வைத்து, வெறுங்காலோடு ஏறி நின்றேன். முதல் தடவை மெழுகு கூழாகிக் காலோடு வந்துவிட்டது. தேன்மெழுகைக் கூட்டி மறுபடி காய்ச்சினேன். அதுவும் வழுக்கியது. இன்னும் மெழுகு, இன்னும் குங்கிலியம். பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வந்த அம்மாள், ஆறடி ஆள் ஒருவன் உடைந்த பலகைமேல் கையை விரித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்து உள்ளே போய்விட்டாள். அவள் என்ன நினைத்தால் எனக்கென்ன? கடைசியாகக் காய்ச்சியது பிடித்தது. காலை அசைத்தாலும் நகரவில்லை. பசை போட்டு ஒட்டின மாதிரி நின்றேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் போன் செய்தபோது குரலே சரியில்லை. வயிற்றில் புண் அதிகமாகிவிட்டது, பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டேன், பலகை இப்போது மொட்டையாக இருக்கிறது, நீ கொண்டுவருவதுதான் எல்லாம் என்றாள். கவலைப்படாதே, பாறை மாதிரி இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

விடியற்காலையில் பைக்கை எடுத்து, புத்தூர், நகரி என்று விரட்டிக்கொண்டு போனேன். மெழுகு இட்லிகள் டிபன் பாக்ஸில் இருந்தன. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பரீட்சை ஆரம்பித்திருந்தது. ஒரு பெரிய குடைக்கடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தொப்பி போட்ட ஓர் அம்மாள். ஹாரன் அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஹாரன் அடிப்பதற்குள் ஓர் அலையையாவது கரைவரை நின்றபடி ஓட்டி வர வேண்டும். உள்ளே போனபிறகு கரையிலிருந்து யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

அவள் பலகை வெயிலில் மணல்மேல் கிடந்தது. உட்கார்ந்து தேய்த்தோம். சூடேறிய பலகையில் மெழுகு வெண்ணெயாக இறங்கி, அழகாகப் பருப் பருவாக எழும்பியது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"கோயில் வாசன வருதுயா," என்று சிரித்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஹாரன் அடித்தது.

எனக்குக் கை முழுக்கப் பிசுக்கு. மீதி மெழுகைக் கையில் வைத்துக்கொண்டே அலை வந்து தொடுகிற இடத்தில் குந்திக் கை கழுவினேன். காலைத் தொட்ட தண்ணீர் இதமாக, சில்லென்று இருந்தது. அடடா என்று இருந்தது. இரண்டு மூன்று அலை வந்து கையை நனைத்துவிட்டுப் போனது. பிறகு சும்மா, ஒரு கெட்ட பழக்கம் மாதிரி, மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. நகத்தால் கீறினேன், இறங்கவில்லை. சோப்புக்கட்டிகூட இல்லை, கூழாங்கல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இதைப் பக்குவம் பார்த்தது திருப்பதியில், மே மாதத்து மத்தியானத்தில், கறுப்புத் தொட்டியில். அந்தத் தண்ணீரில் குளிக்கவே முடியாது, காலையிலேயே வாளியில் பிடித்து ஆற வைப்போம். அந்தக் கொதிப்புக்குக் கரையாமல் நிற்கிற மெழுகு கடல் குளிர்ச்சியில் கல்லாகத்தான் இறுகும். கடலில் வளர்ந்தவளுக்கு எங்கள் தொட்டி ஞாபகம் வரவில்லை, தொட்டியில் குளிப்பவனுக்குக் கடல் தெரியவில்லை. இதில் தினமும் சட்டைப் பையில் தெர்மாமீட்டரோடு திரிகிறவன் நான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் நுரையைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, வேண்டாம், திரும்பி வா என்று வீசினேன். அவள் பார்த்தாள். சந்தோஷமாகக் கையை உயர்த்தி எனக்கு ஆட்டினாள்.

குடைக்கடியிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து, "சார், சிக்னல் குடுக்கக் கூடாது. அவங்களுக்குத்தான் மார்க்கு போவும்," என்று கையைப் பிடித்துக்கொண்டான். மெழுகு தப்பு, மெழுகு தப்பு என்று சொன்னேன். அவனுக்கு என்ன புரியும்?

முதல் அலை வந்தது. அவள் துழாவி, எழுந்து நின்ற அதே நொடியில் இரண்டு காலும் ஒரே பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போயின. விழுந்தாள். எழுந்தாள். பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் தவறு என்று நினைத்திருப்பாள், மறுபடி உள்ளே போனாள். இரண்டாவது அலை பெரியது. இந்தத் தடவை அவள் விழுந்தபோது பலகை அந்தரத்தில் சுழன்று, அவள் விழுந்த இடத்திலேயே இறங்கியது. அவள் மேலே வரவில்லை.

நுரை அடங்கியது. அவள் வரவில்லை. காலில் கட்டிய கயிறு இழுபட்டு, பலகை மட்டும் செங்குத்தாக நின்றது.

என்னைப் பிடித்திருந்த கையை உதறிவிட்டு ஓடினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. எதிரில் வந்த அலை என்னை அலட்சியமாகத் தூக்கிப் புரட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மூக்கில், தொண்டையில், காதில் உப்பு. காலுக்கு அடியில் மணல் இல்லை. இவ்வளவுதானா, அவளுக்கு விஷயத்தைச் சொல்லக்கூட இல்லையே என்று நினைத்தது நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

அவள்தான். நான் அலைக்குள் புரண்ட நேரத்தில் அவள் மேலே வந்திருக்கிறாள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. என்னைப் பலகைமேல் மூட்டை மாதிரி போட்டு, பின்னாலிருந்து தள்ளிக் கரையில் கொண்டுவந்து சேர்த்தாள். இருமி, வாந்தியெடுத்து, மூச்சு வந்ததும் முதல் வார்த்தையாக, "கடலு குளிருது. நம்ம தொட்டி சூடு," என்றேன்.

அவள் பலகைமேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை. கொண்டையிலிருந்து ஹேர்பின்னைப் பிடுங்கி, மெழுகின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறத் தொடங்கினாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். தொப்பிக்கார அம்மாள் வந்து, என்னைக் கரைசேர்த்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, உதட்டில் அடி, வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றார். அவள் கீறிக்கொண்டே இருந்தாள். ஹேர்பின் வளைந்து ஒடிந்தது. நகத்தால் கீறினாள். ஈர மணலை அள்ளி அந்தக் கோடுகளில் வைத்துத் தேய்த்தாள். அந்த மணல்மேல்தான் புண்பட்ட வயிற்றோடு குப்புறப் படுக்க வேண்டும். படுத்தாள். போனாள்.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. ஒரு அலையை விட்டாள். இன்னொன்றையும் விட்டாள். தொப்பிக்கார அம்மாள் ஹாரனைக் கையில் எடுத்துவிட்டார். மூன்றாவது அலைக்கு அவள் திரும்பித் துழாவினாள், எழுந்தாள், கால் கொஞ்சம் சறுக்கியது, நின்றது. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, நிமிர்ந்து வந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் குடையின் பக்கம் பார்க்கவே இல்லை. அலைமேல் நின்றபடியே விரலை என் பக்கம் நீட்டி என்னவோ கத்திக்கொண்டே வந்தாள். கிட்டத்தில் வந்ததும் கேட்டது.

"அங்கயே நில்லு! எறங்காத! எறங்காத!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

தேறிவிட்டாய் என்று அந்த அம்மாள் சொன்னதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பலகையை அப்படியே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் தோளில் அடித்தாள். வலித்தது. தோற்று வந்த நாட்களில்கூட அழாதவள், அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள்.

"நான் உழுந்தா எழுந்துப்பேன்," என்றாள். "நீ உழுந்தா நான் இன்னாயா பண்ணுவேன்?"